எடைமேடையும் எக்ஸ்ட்ராவும்: உட்காரவைத்தலின் அரசியல் குறித்து

போன வருசச் சாரலில் இலஞ்சிப் பக்கம் ஒரு மின்னொளிக் கபடி பார்க்கப் போயிருந்தேன். 55 கிலோப் பிரிவு. ஆட்டத்தைவிட என் கண் கோட்டுக்கு வெளியேதான் நின்றது. முழங்காலுக்கு உறை மாட்டி, குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டே இருந்தான் ஒரு பையன். கடைசி விசில் வரை அவனை இறக்கவில்லை. ஏன் அண்ணாச்சி என்று அணியை நடத்துபவரிடம் கேட்டேன். 'சின்னப் பயதான. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். எங்க போயிரப் போறான்?'

இந்த 'எங்க போயிரப் போறான்' என்பதைத்தான் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

கபடியில் இரண்டு விதமான உட்காருதல் உண்டு. அவுட்டானவன் உட்காருவது ஒன்று. அவன் எந்த வரிசையில் வெளியே போனானோ அதே வரிசையில், உள்ளே நிற்பவன் எடுக்கும் புள்ளியால் உயிர்பெற்றுத் திரும்புவான். அங்கே கூட்டாளியின் உழைப்பு அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. விதி அதை எழுதியும் வைத்திருக்கிறது. இரண்டாவது, எக்ஸ்ட்ரா உட்காருவது. பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் ஏழு பேர் களத்தில், மிச்சம் ஐந்து பேர் வெளியே. இவர்களுக்கு வரிசையும் இல்லை, கடனும் இல்லை. கோச்சின் கை அசைந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 'எங்க டீம் ஆழமான டீம்' என்று மார்தட்டுகிறோமே, அந்த ஆழம் இந்த ஐந்து பேருடைய ஆடப்படாத வருசங்களைக் கொண்டு தோண்டியது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இந்த உட்காரவைத்தலுக்கு ஒரு பேரே இருக்கிறது: ரெட்ஷர்ட். (நம் கால்பந்து அல்ல, கையால் எறிந்து ஆடும் அவர்களுடையது.) ஐந்து வருசத்துக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது பல காலம் அங்கே இருந்த விதி. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடம் ஒன்றுதான். அதற்கு மூன்று நான்கு பேர் போட்டி. புதிதாக வந்தவனை ஒரு வருசம் பயிற்சியில் மட்டும் வைத்து ஆட்டத்தில் இறக்காமல் இருந்தால், அந்த வருசம் அவன் கணக்கில் கழியாது. 2018இல் இன்னும் தளர்த்தினார்கள்: நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் வருசம் மிஞ்சும். அந்த அமைப்பைப் புகழ நான் வரவில்லை. இளம் உடல்களை வைத்துக் கோடிக்கணக்கில் புரளும் சந்தை அது. ஆனாலும் அங்கே காத்திருப்பு எண்ணப்படுகிறது. அந்த ஒரு வருசத்தில் அவனுக்குச் சோறு போட்டு, எடை தூக்கவைத்து உடம்பை ஏற்றுகிறார்கள்.

நம் பக்கம் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். இங்கே காலத்தை நிறுத்த வழியில்லை. சப்-ஜூனியர் என்றால் 16 வயது, 55 கிலோ. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் 25 வயது. உட்கார்ந்திருந்த வருசத்தை எந்த அதிகாரியும் திருப்பித் தரமாட்டார். ஆகவே, காலத்துக்குப் பதிலாக உடம்பை நிறுத்துகிறோம். ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் கிலோக் கணக்கில்தானே நடக்கின்றன. 'இந்த வருசமும் 55லயே நிறுத்துல' என்கிறார்கள் வளர்கிற பையனிடம். அவன் பட்டினி கிடக்கிறான். வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு ஓடுகிறான். தண்ணீர் குடிக்காமல் எடைமேடையில் ஏறுகிறான். வறுமையில் வளராத உடம்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வளரத் துடிக்கிற உடம்பை அணியின் தேவைக்காக வளரவிடாமல் பிடித்துவைப்பதைப் பற்றி நம்மில் யார் பேசினோம்?

பெரிய களத்துக்கு வருவோம். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அவ்வளவுதான், தொலைந்தோம் என்றார்கள். அதுவரை பலரும் பேர்கூடக் கேட்டிராத நரேந்தர் அந்தப் பருவத்தில் 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அணி முதன்முறையாக அரையிறுதி போனது. இதை 'அதிர்ஷ்டம்' என்று கதையாடுவது சுலபம். ஒருவன் கால் முறிந்தால்தான் இன்னொருவன் கண்ணுக்குத் தெரிவான் என்கிற ஏற்பாட்டை அந்தச் சொல் நைசாக மூடிவிடுகிறது. பேரில் தமிழ் இருக்கிற அணியில் தமிழ்ப் பையன்கள் எத்தனை நிமிசம் ஆடினார்கள் என்பது வேறு சண்டை; அதையும் போடத்தான் வேண்டும்.

மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' வந்தபோது நான் படித்த விமர்சனங்கள் சாதி வன்முறையைப் பேசின. சரிதான், பேசவேண்டியதுதான். ஆனால் அருவாளை மட்டுமே சாதி என்று பார்த்துப் பழகிவிட்டால் பெஞ்சு கண்ணில் படாமல் போகும். அடிக்கவில்லை, திட்டவில்லை, விரட்டவில்லை. 'இருல, பாப்போம்' அவ்வளவுதான். இலஞ்சியில் உட்கார்ந்திருந்த பையன் எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற ஊர்கள் இவை.

சர்ட்டிபிகேட் விவகாரம் ஒன்று பாக்கி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. அங்கே எண்ணுவது ஊர்க்கோப்பையை அல்ல. மாவட்டத்துக்கு ஆடி, அங்கிருந்து மேலே போய் வாங்கும் தாளை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதை ஆபீஸ் கட்டடமாக மட்டும் பார்க்கிறோம். சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் பையன்கள் அதுவரை நெல்லையின் பன்னிரண்டு இடத்துக்கு முட்டி மோதியவர்கள். மாவட்டம் பிரிந்தால் பன்னிரண்டு இடம் புதிதாகப் பிறக்கிறது. அதில் கடைசி ஐந்தை யார் யாருக்கு, எதன் பேரில் கொடுக்கிறார்கள் என்று உள்ளூர்த் தோழர்கள் ஒரு வருசம் குறித்துவைத்துப் பார்க்கலாம். எந்த அணியை நடத்துபவரிடமும் ஒரு நோட்டு இருக்கும். நுழைவுக் கட்டணம், வேன் வாடகை, பரிசுப் பணம் எல்லாம் அதில் இருக்கும். எவன் எத்தனை ஆட்டம் உட்கார்ந்தான் என்று ஒரு வரி இருக்காது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். எத்தனை வருசமாடே இப்படி?

'மூணு சாரல்ண்ணே.'

சாப்பிட்டியா?

'ரெண்டு நாளா ஒழுங்காத் திங்கல. எடை பாக்கணும்லா. இப்பதான் பாத்து முடிஞ்சாச்சே' என்றவன், பிரானூர் பக்கம் புரோட்டாக் கடை இன்னும் திறந்திருக்குமா என்று என்னிடம் கேட்டான்.