துறைமுகக் கணக்கும் மலைநாட்டு இலக்கியமும்

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரைப் பற்றிய தமிழ் இலக்கியத்தைப் பேசப் புகும் விமர்சகர்கள் பலர், ‘சோகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்தியடைந்துவிடுகின்றனர். படைப்பு வாசகனை அழ வைத்ததா என்பதே அவர்களது உரைகல். இந்த உரைகல் போதாது என்பது நமது கருத்து. அந்தக் கண்ணீர் எந்த வழியாக வந்தது, அதனால் யாருடைய பெட்டகம் நிரம்பியது என்ற கேள்விகளைப் படைப்பு எழுப்புகிறதா என்றும் நாம் பார்க்க வேண்டும். அட்டன், நுவரெலியா மலைகளின் வாழ்வைக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பிரித்துப் பார்ப்பவர்க்கு இக்கேள்விகளின் விடை கிட்டாது.

சரித்திரத்தைச் சற்று நினைவுகூர்வோம். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டில் கொழும்பு - கண்டி ரயில் பாதை திறக்கப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்துக்கொண்டே போக, தோட்ட முதலாளிகள் தேயிலைக்கு மாறினர். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதடுப்பு அணை 1885இல் முற்றுப்பெற்றது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1884இல் அட்டனையும், மறு ஆண்டில் நானுஓயாவையும் ரயில் எட்டிப் பிடித்தது. இவ்வாண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போமாயின், கடலணையும் இருப்புப் பாதையும் கொழுந்து மலையும் ஒரே இயந்திரத்தின் உறுப்புகள் என்பது புலனாகும்.

இந்த இயந்திரத்திலிருந்து சரக்கு வெளியேறிய வாசல் கொழும்பு. உழைப்பு உள்ளே வந்த வாசல்கள் வேறு. தொடக்க காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்தே வந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பலியாகி வழியிலேயே விழுந்தவர் பலர். பின்னர் தட்டப்பாறை, மண்டபம் ஆகிய முகாம்கள் ஏற்பட்டன. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடலாயிற்று. பாதை மாறியதேயன்றிக் கடன் மாறவில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கழுத்தில் ஏறியது. இன்ன தொகையைச் செலுத்தினால் இவனை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டின்றி வேறு தோட்டத்திற் சேர இயலாது. 1921இல்தான் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிக்கு ஓர் அடையாளமும், எடையும், தரமும் உண்டு. மனிதனுக்கோ கடன் தொகைதான் அடையாளம். தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்கே ‘பேர்’ என்றுதான் சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. ஒரு மனிதனின் பெயர் செக்ரோலில் விழும் கூலிக் குறியாகச் சுருங்கிவிட்ட கதையை இந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறதன்றோ?

இப்பின்னணியில் இலக்கியத்தை நோக்குவோம். முதற்குரல் ஏட்டறியா மக்களுடையது. பிள்ளைக் காம்பராவின் தாலாட்டிலும், கொழுந்து மலையின் பாட்டிலும், லயத்து ஒப்பாரியிலும் கண்டிச் சீமைக்கு வந்த வழியும், பிரிந்துவந்த ஊரும், கங்காணியின் கொடுமையும் பதிந்துள்ளன. அனுபவத்தின் உண்மையில் இவற்றை விஞ்சும் எழுத்து இன்னும் தோன்றவில்லை. எனினும் அவற்றின் எல்லையையும் நாம் காண வேண்டும். பாட்டில் வரும் பகைவன் பெரும்பாலும் கண்ணெதிரே நிற்கும் கங்காணியோ துரையோதான். கங்காணிக்குப் பின்னால் துரையும், துரைக்குப் பின்னால் கொழும்பு ஏஜென்சிக் கம்பெனியும், அதற்கும் அப்பால் லண்டன் பங்குதாரரும் நின்றதைப் பாட்டின் பார்வை எட்டவில்லை.

1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ அப்பார்வையை வேறொரு திசையில் விரித்தது. வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தோட்டத்திற்குத் துரத்தியது அவளுடைய விதியன்று. ஊரில் நிலவிய சாதிக் கொடுமையும் நிலவுடைமை அதிகாரமுமே என்பதைக் கதை பூசி மெழுகாமல் காட்டுகிறது. பண்ணையார் விட்ட இடத்தில் துரை தொடங்குகிறான் என்ற இந்தத் தொடர்பைக் கண்டது புதுமைப்பித்தனின் மேதைமை. ஆயினும் தலைப்பே சொல்வதுபோல், தோட்டம் அவருக்கு ஒரு கேணி. அதில் விழுந்தவர் தாமே திரண்டு கரையேறுவது அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. அக்கதை வெளிவந்தபோது, நடேசய்யர் 1931இல் அமைத்த அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்திற்கு நான்கு வயதாகியிருந்தது. சங்கமாகத் திரளும் தொழிலாளி அக்கதையில் இல்லை என்பது, அதன் பெருமையைக் குறைக்காது நாம் சொல்ல வேண்டிய குறை.

அத்தொழிலாளியை நோக்கிப் பேசியவர்கள் நடேசய்யரும் அவர் துணைவி மீனாட்சி அம்மையும். ஐயர் பத்திரிகை நடத்தினார், நாடகம் எழுதினார். அம்மையார் மக்கள் அறிந்த மெட்டுகளிற் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். ‘இவை பிரசாரம், கலையல்ல’ என்று ஒதுக்குவோர் உளர். தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில், எழுத்தறியாதவரின் செவியை எட்டுவதற்கு இவ்வடிவத்தைவிடத் தகுந்தது எது என்று அவர்கள்தாம் சொல்ல வேண்டும். சொற்செட்டு குறைந்த இடங்கள் அப்பாடல்களில் உண்டு. ஆனால் தொழிலாளியைப் பரிதாபப் பொருளாக்காமல், எதிரே நின்று கேட்கும் மனிதனாக மதித்த முதல் எழுத்து அது.

அடுத்து, மடகும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1954இல் வெளியான அவரது நெடுங்கவிதை, மண்ணுக்கு உரமாகிப்போன முன்னோரை இந்நாட்டைப் படைத்தவர்களாக நிமிர்த்தி வைக்கிறது. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டமை பற்றிச் சிலர் குறைபடுவர். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாக நாடாளுமன்றம் சென்றவர் அவர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவராக்கிற்று. தேயிலையை வாங்குவோரின் மொழியிலேயே அக்கணக்கைக் கேட்டது பொருத்தமே. பின்னர் சக்தி பாலையா அதைத் தமிழாக்கினார். நாட்டுப் பாடல்களையும் வேலுப்பிள்ளையே தொகுத்தளித்தார்.

எழுதப்படாதது எது? துறைமுகமும் மலையும் ஒருகாலத்தில் கைகோத்து நின்றன. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் நடேசய்யரும் இணைந்து உழைத்தார். 1927இல் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் பொருளாதார மந்தம் வந்தது. வேலையின்மைக்கு இந்தியத் தொழிலாளரே காரணம் என்ற கூச்சல் எழுந்தது. குணசிங்காவே அக்கூச்சலின் தலைவரானார். 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டு வீழ்ந்தபோதும், 1948இல் உரிமை பறிபோனபோதும், இடதுசாரிகளின் எதிர்ப்பையும் மீறி மலை பெரிதும் தனித்தே நின்றது. பெட்டியைச் சுமந்த தோளும் கொழுந்தைப் பறித்த கையும் எவ்வாறு பிரிக்கப்பட்டன என்பதைச் சொல்லும் பெருநாவல் தமிழில் எங்கே? இடப்பெயர்வைக் கதையாக்கிய கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ போன்ற முயற்சிகளை நாம் மதிக்கிறோம். எனினும் இந்தப் பிரிவினையின் கதை இன்னும் தன் ஆசிரியனுக்காகக் காத்திருக்கிறது.

இது பழங்கதை பேசும் ஆசையன்று. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. அங்கும் மனிதர் எண்ணிக்கையாகவே ஆயினர். பாட்டன் வந்த தலைமன்னார்க் கரையிலேயே பேரன் கப்பலேறினான். பாட்டன் காத்துக்கிடந்த மண்டபம் முகாம் பிற்காலத்தில் அகதிகளின் முகாமாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை ஆயிற்று. 2021இல் 1000 ரூபா நாட்சம்பளம் பெறுவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் சொல்வது இதுதான். மலைநாட்டுக் கதை ஒன்றைப் படிக்கும்போது மனம் நெகிழ்வது இயல்பு. அங்கேயே நின்றுவிட வேண்டாம். அந்த லயக் காம்பராவிலிருந்து ஏலக் கூடத்துக்கும், அங்கிருந்து கப்பலுக்கும் செல்லும் வழியைக் கதை காட்டுகிறதா என்று கேளுங்கள். காட்டாவிடில், ஆசிரியனிடம் அதைக் கேளுங்கள். துரை வைத்த கணக்கு முடிந்துவிட்டது. தொழிலாளி கேட்க வேண்டிய கணக்கு இன்னும் முடியவில்லை.