ஆண்கடலா, பெண்கடலா? அம்மா படித்த மூன்று புத்தகங்கள்

போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனது. புதுக் கண்ணாடி போட்டபிறகு டி.வி.யை விட்டுவிட்டுப் புத்தகம் கேட்க ஆரம்பித்தார். அம்மா தங்கச்சிமடத்துக்காரர், எட்டாவது வரை படித்தவர், வயது எழுபது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அடுத்த முறை போகும்போது அம்மாவின் தீர்ப்பு தயாராக இருக்கும். பெரும்பாலும் ரெண்டு வரிதான். அதை என் ஆய்வுக்குறிப்பு நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்வேன். இந்தப் பதிவு அந்த நோட்டிலிருந்து.

முதலில் கொடுத்தது வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. 1977-இல் வந்த சின்ன நாவல். ரெண்டே நாளில் முடித்துவிட்டார்.

"ஈரமான மனுசன் எழுதியிருக்காரு. யாரையும் கெட்டவன்னு சொல்லல. ஆனா அந்தப் பிலோமி, சாமிதாசை இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கணும்."

நாவலைப் பற்றி வந்த விமர்சனங்கள் பலவும் சுற்றிச் சுற்றி முதல் ரெண்டு வாக்கியங்களைத்தான் சொல்கின்றன. மூன்றாவது அம்மாவுடையது மட்டும். நாவலில் வரும் வல்லம், லாஞ்சு சண்டை அம்மாவுக்குப் புதிதாகவே படவில்லை. "இங்க விசைப்படகும் நாட்டுப்படகும் அடிச்சுக்கிட்டதுதான? வாரத்துல மூணு நாள் அவுகளுக்கு, நாலு நாள் இவுகளுக்குன்னு பிரிச்சுவிட்டும் தீரலையே" என்றார். குரூஸ் மிக்கேலின் பிடிவாதத்தை நான் ஒரு கிழவனின் தனிப்பட்ட துயரமாகப் படித்திருந்தேன். அம்மா அதை ஒரு தொழில் தகராறாகப் படித்திருக்கிறார். ரெண்டுமே நாவலில் இருக்கிறது.

அடுத்தது ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. 2004-இல் வந்த பெரிய நாவல். இதை முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. நடுவில் ஒருநாள் போன் பண்ணி, "இந்த ஆமந்துறை எந்தப் பக்கம்? ஆண்கடலா, பெண்கடலா?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவுக்கு ரெண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, அதை ஆண்கடல் என்போம். வடக்கே பாக் நீரிணை, அது பெண்கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்றில் தலைகீழ். ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் இன்னொரு பக்கம் பிழைப்பு உண்டு. எங்கள் ஆட்களின் நாள்கணக்கே இதை வைத்துத்தான் ஓடுகிறது.

ஜோ டி குரூஸ் எழுதுவதோ ஒரே திறந்த கடல், கட்டுமரம், பெரிய அலை. கடலில் தத்தளிக்கும் மனிதர்களின் பகுதியைப் படித்துவிட்டு அம்மா அன்று இரவு தூங்கவில்லையாம். "அவுகளுக்கு ஒதுங்க மறுபக்கமே இல்லப்பா. அதான் அவ்வளவு மூர்க்கமா இருக்காக." பாத்திரங்களின் குணத்தைக் கடலின் அமைப்போடு சேர்த்துப் பார்க்கும் இந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை. 'நெய்தல் இலக்கியம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் பழக்கம் என்னிடமும் உண்டு. கடலுக்குக் கடல் ஆள் மாறுவான் என்பதை அந்த மூட்டை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது, எங்கள் ஊர்க்காரர் அப்துல் கலாமின் 'அக்கினிச் சிறகுகள்'. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புத்தகம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ராக்கெட் பக்கங்களைத் தள்ளிவிட்டார், அதை ஒளிக்கவும் இல்லை. சின்ன வயதில் புளியங்கொட்டை பொறுக்கி விற்று ஓரணா சம்பாதித்ததும், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்துக் கொடுத்ததும் அப்படியே மனசில் நின்றுவிட்டன. "அந்த ஓரணாவை ஒருத்தரால கற்பனையா எழுத முடியாது" என்றார்.

பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து விரலை வைத்தார். "இது மட்டும் தப்பு."

கலாமின் தந்தை படகு கட்டி, யாத்ரீகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போன கதை அந்த இடத்தில் வருகிறது. படகு கட்டத் தொடங்கியபோது கலாமுக்கு ஆறு வயது. தொழில் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது ஒரு புயல் படகைக் கொண்டுபோகிறது. அதோடு பாம்பன் பாலமும் நிறைய பயணிகளோடு ஒரு ரயிலும் போனதாக நூல் சொல்கிறது.

"பாலத்துல எங்கப்பா ரயில் போச்சு? அது தனுஷ்கோடிக்குப் பக்கத்துல போச்சு. பாலம் உடைஞ்சது தனி."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், பழைய கட்டுரை ஒன்றில் அந்த இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட இல்லை. கலாம் பிறந்தது 1931-இல். ஆறு வயது என்றால் சுமார் 1937. பாம்பன் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. அது பாம்பனிலிருந்து கிளம்பி, தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் சிக்கியது. வண்டியில் இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். அதே புயலில் பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் விழுந்தன. கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சீர்செய்து பெயர் வாங்கியதும் அப்போதுதான். அந்த டிசம்பரில் கலாமுக்கு 33 வயது. தும்பாவில் முதல் ராக்கெட் பறந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

சின்ன வயதில் படகு போன ஏதோ ஒரு புயலும், 1964 பெரும்புயலும் அவர் நினைவில் ஒன்றாகியிருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். தன்வரலாறு என்பது ரயில்வே அறிக்கை கிடையாது. இதனால் கலாமின் பெருமை ஒரு அணா குறையாது. அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "இலக்கியத்துல அப்படி வரும்மா, இதைப் போய் பெருசா எடுத்துக்கிட்டு" என்று கொஞ்சம் அலட்சியமாகவே சொல்லிவிட்டேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பக்கத்து வீட்டு அக்கா ஒண்ணு அந்த ரயில்ல போச்சு. எனக்குச் சடை பின்னி விடும். பாலத்துல போச்சுன்னா பாம்பன்லயே தேடியிருக்கலாம். அவுக அம்மா சாகுற வரைக்கும் தனுஷ்கோடி திசையப் பாத்துத்தான் உக்காந்திருந்துச்சு. எங்க போச்சுங்கிறது சின்ன விசயமாப்பா?"

நாற்பது வருஷத்துக்கு மேல் அம்மாவோடு பேசியிருக்கிறேன். தனுஷ்கோடி பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இந்த அக்காவைப் பற்றி அம்மா சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. 1964-இல் அம்மாவுக்கு ஒன்பது வயது என்பது எனக்குத் தெரியாத கணக்கா? சாட்சி சமையலறையில் இருக்க, நான் நூலகத்தில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

'இலக்கியத்துல அப்படி வரும்' என்ற என் வாதத்தை முழுசாக விட்டுவிடவில்லை. நினைவுப் பிசகு ஒரு நூலைப் பொய்யாக்கிவிடாது. ஆனால் அந்தப் பிசகை மன்னிக்கும் உரிமை யாருக்கு என்று இப்போது யோசிக்கிறேன். அந்த ரயிலில் யாரும் இல்லாத எனக்கு மன்னிப்பது சுலபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரை கைக்குக் கைமாறிப் படிக்கும் புத்தகம் அது. அதில் வந்த வரிதான் நாளைக்கு ஊர் நினைவாக மாறும். பதிப்பில் அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தால் போதும், கலாமுக்கும் மரியாதை, அந்த அக்காவுக்கும் மரியாதை. என் பழைய கட்டுரையில் நான் செய்த தப்பை நேற்று திருத்திவிட்டேன்.

அம்மா இப்போது எஸ்.எம். கமாலின் 'சேதுபதி மன்னர் வரலாறு' படித்துக்கொண்டிருக்கிறார். பாதிகூட ஆகவில்லை, அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: "ராசாமாருக எல்லாரும் வாராக. தோணிக்காரன் எப்ப வருவான்?"

இந்த முறை சிரிக்கவில்லை. அம்மா சொல்லச் சொல்ல அந்த அக்கா கதையை முழுசாக நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.