காபூல் நீதிமன்றங்களும் கொடை நாடுகளும்

ஒரு நாட்டின் நீதிமன்றங்களைப் பிற நாடுகள் சீர்திருத்த முற்படும்பொழுது, அந்தச் சீர்திருத்தம் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளது என்பதையே நாம் முதலில் வினவுதல் வேண்டும். ஆப்கானிஸ்தானில் 2001 முதல் 2021 வரை நடந்தேறிய நீதித்துறைப் புனரமைப்பை இவ்வினாவோடு நோக்க விரும்புகின்றோம்.

நம் நண்பர்களிற் சிலர் அம்முயற்சி முழுவதையும் ஏகாதிபத்தியத்தின் கண்கட்டு வித்தை என ஒதுக்கிவிடுகின்றனர். அந்நியச் சட்டம் அந்த மண்ணில் வேரூன்றாது என்பது அவர்தம் வாதம். வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1977 ஆம் ஆண்டின் ஆப்கான் குடியியற் சட்டக்கோவை எகிப்தியக் கோவையைப் பெரிதும் தழுவியது. எகிப்தியக் கோவையோ பிரெஞ்சுச் சட்ட மரபிற் கிளைத்தது. பாரிஸிலிருந்து கெய்ரோ வழியாகக் காபூல் வந்த சட்டத்தை ஹனபி மரபோடு இணைத்து ஆப்கான் சட்ட அறிஞர்கள் தமதாக்கிக்கொண்டனர். சட்டம் எக்காலத்திலும் பயணஞ் செய்தே வந்துள்ளது.

2001 டிசம்பரில் கைச்சாத்தான பொன் உடன்படிக்கை, நீதித்துறையைப் புனரமைக்க ஓர் ஆணைக்குழுவை விதந்துரைத்தது. அடுத்த ஆண்டில் வல்லரசுகள் பொறுப்புக்களைப் பங்கிட்டுக்கொண்டன. இராணுவம் அமெரிக்காவுக்கு, பொலிஸ் ஜேர்மனிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரித்தானியாவுக்கு, நீதி இத்தாலிக்கு. முதுசச் சொத்தைப் பாகம் பிரிப்பதுபோலவே காரியம் நடந்தது. சொத்துக்கு உரியவர் மட்டும் பங்காளியாக இருக்கவில்லை. பொலிஸைப் பயிற்றுபவர் ஒருவர், பொலிஸார் கைது செய்தவனை விசாரிக்கும் மன்றத்தை அமைப்பவர் வேறொருவர் என்ற விசித்திரம் இவ்வாறே பிறந்தது.

2004 பெப்ரவரியில் இடைக்காலக் குற்றவியல் நடைமுறைக் கோவையொன்று சனாதிபதி கர்சாயின் ஆணையால் நடைமுறைக்கு வந்தது. அதன் ஆக்கத்தில் இத்தாலிய நிபுணர் கை ஓங்கியிருந்தது; உள்நாட்டுச் சட்ட அறிஞரின் பங்கு சொற்பமே. பாராளுமன்றத் தேர்தல் நடந்ததோ 2005 செப்டெம்பரில். ஆகவே, அக்கோவை எந்த மக்கள் மன்றத்தின் விவாதத்தையும் சந்திக்காது பிறந்தது. அதனைப் பிரயோகிக்க வேண்டிய நீதிபதிகள் பலர் பழைய நடைமுறையையே தொடர்ந்து கையாண்டதை அறியாமை எனப் பழிப்பது எளிது. தம்மிடம் கேளாது எழுதப்பட்டதைக் கேட்ட மாத்திரத்தில் ஏற்கும் சட்டத் தொழிலினர் எந்நாட்டிலும் இலர்.

இவை யாவற்றினும் பாரதூரமானது பக்ராம். காபூல் கருத்தரங்குகளில் நியாயமான விசாரணை பற்றிய பாடங்கள் நடந்த அதே ஆண்டுகளில், அத்தலைநகருக்குச் சற்று வடக்கேயிருந்த பக்ராம் தளத்தில் அமெரிக்கப் படையினர் மனிதரை வழக்கின்றித் தடுத்து வைத்திருந்தனர். அங்கிருந்த அந்நிய நாட்டுக் கைதிகள் சிலர் ஆட்கொணர்வு மனுவோடு அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். யுத்த களத்திலுள்ள அத்தளத்துக்குத் தம் நியாயாதிக்கம் எட்டாது என வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஆசிரியர் தாம் கற்பித்த பாடத்துக்குத் தாமே விலக்குப் பெற்றுக்கொண்டார். மாணவன் எதனைக் கற்றிருப்பான்?

செலவு குறைவன்று. 2003 முதல் சட்டவாட்சித் திட்டங்களுக்கு அமெரிக்க முகவரகங்கள் மாத்திரம் நூறு கோடி டொலருக்கு மேல் செலவிட்டன. அவற்றின் பயனை முழுமையாக அளக்க இயலவில்லை என 2015 இல் ஒப்புக்கொண்டவர் அமெரிக்க அரசின் சொந்தக் கணக்காய்வாளரே. கிராமத்து விவசாயியோ நிலத் தகராற்றுக்கு ஜிர்காவிடமும், சில இடங்களில் தலிபான் நீதிபதியிடமும் சென்றான். அங்கே இலஞ்சம் குறைவு, தீர்ப்பு விரைவு. எனினும், ஜிர்காவை மக்கள் நீதி எனப் போற்றுவோரோடு நாம் உடன்படோம். கொலைப் பழியை ஈடுசெய்யக் குடும்பத்துச் சிறுமியைக் கொடுக்கும் 'பாத்' வழக்கத்தை அனுமதித்ததும் அம்முதியோர் சபைகளே. அவ்வழக்கத்தைப் பெண்களுக்கெதிரான வன்முறை ஒழிப்புச் சட்டம் 2009 இல் குற்றமாக்கியது. அதுவும் ஆணையாகவே வந்தது. பாராளுமன்றம் அதனை ஒருபோதும் நிறைவேற்றவில்லை.

நம் நண்பர்களின் ஒற்றை வாக்கியம் இங்கேதான் இடறுகின்றது. சர்வதேசச் சட்டத்தரணிகள் சங்கத்தின் துணையோடு 2008 இல் நிறுவப்பட்ட ஆப்கான் சுயாதீனச் சட்டத்தரணிகள் சங்கம், அந்நியப் பணத்தில் முளைத்ததாயினும் தன் தலைவர்களைத் தானே தெரிந்தது. அடியுண்ட பெண்களின் வழக்குகளை மிரட்டலுக்கிடையே ஏற்று நடத்தியோர் அதன் உறுப்பினர். ஏறத்தாழ 250 பெண்கள் நீதிபதிகளாக அமர்ந்தனர். 2021 சனவரியில் உயர் நீதிமன்றத்துக்குப் பணிக்குச் சென்றுகொண்டிருந்த பெண் நீதிபதிகள் இருவர் காபூல் வீதியிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களை எந்த ஏகாதிபத்தியத்தின் முகவர் என்போம்?

அவ்வாண்டு ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தது. சிறைக் கதவுகள் திறந்தன. அப்பெண்களாற் தண்டிக்கப்பட்டோர் அவர்களைத் தேடி வீதிக்கு வந்தனர். கொடை நாடுகளின் விமானங்களில் முதலில் ஏறியோர் கொடை நாட்டினரே. நீதிபதிகளிற் பலரை வெளியேற்றப் பாடுபட்டவர்கள் பிற நாட்டுப் பெண் நீதிபதிகளின் சங்கத்தினர். நவம்பரில் தலிபான் ஆட்சி சட்டத்தரணிகள் சங்கத்தின் அலுவலகத்தைக் கைப்பற்றி, அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரத்தை நீதி அமைச்சுக்கு மாற்றியது. புதிய அனுமதிப்பத்திரம் பெண்களுக்கு மறுக்கப்பட்டது.