இசைக்கூடமும் பழம்பொருளும்

இசை பயிலும் அறையொன்றை அமைக்கப் புகுவோர், சுவரிலே பழைய வீணையொன்றையும், மூலையிலே குத்துவிளக்கையும், வாயிலின்மேல் யாழின் உருவத்தையும் வைத்துவிட்டால் தமிழிசையின் தொன்மை அங்குக் குடிபுகுந்துவிடும் எனக் கருதுவதுண்டு. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும், அவர் சமாதிகொண்ட கல்லடியும் அமைந்த மட்டக்களப்புப் பகுதியில் இக்கருத்துச் சற்று மிகுதி எனலாம். ஆயின், அடிகளார் யாழைத் தேடியது எதன்பொருட்டு?

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய ‘யாழ்நூல்’, சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைப்பகுதியை விளக்க எழுந்தது. யாழின் உறுப்புக்களைக் கூறியமட்டில் அது நின்றிலது. இசை நரம்புகளின் அளவு, பாலைகளின் திரிபு, பண்களின் தோற்றம், தேவார இசை எனப் பரந்து செல்கின்றது. விஞ்ஞானப் பட்டதாரியாகிய அடிகளாருக்கு யாழ் காட்சிப் பொருளன்று. கணித்து, நரம்பு கட்டி, ஒலிக்கச் செய்யவேண்டிய கருவி. கணக்கறியாத மாணாக்கர் அந்நூலின் நடுப்பகுதியைக் கடத்தல் அரிது என்பதும் உண்மையே. நூல் கடினமாயிருத்தலாற்றான் போலும், பலர் படத்தோடு அமைகின்றனர்!

அலங்காரத்தை இளங்கோவடிகள் வெறுத்தாரல்லர். மாதவி ஆடிய அரங்கிலே மூவகை எழினி உண்டு, ஓவிய விதானம் உண்டு, முத்துமாலைகளும் உண்டு. எனினும் அவர் கூறும் முறை நோக்கத்தக்கது. இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் முதலில் அளக்கப்படுகின்றன. தூணின் நிழல் ஆடிடத்தில் விழாதவாறு விளக்கு அமைகின்றது. எழினியும் முத்தும் அதன் பின்னரே வருகின்றன. அங்கும் ஒரு பழம்பொருள் இடம்பெறுகின்றது, அதுதான் தலைக்கோல். தோற்றோடிய வேந்தனின் குடைக்காம்பு மணியும் பொன்னும் பூண்டு, நீராட்டப்பெற்று, வலம்வந்து அரங்கினுட் புகுகின்றது. அது வந்தபின்னர் ஆடல் நிகழ்கின்றது. குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும் ஒலிக்கின்றன.

1958இல் சத்யஜித் ராய் ஆக்கிய ‘ஜல்சாகர்’ என்னும் வங்காளத் திரைப்படம் இதன் மறுதலையைக் காட்டுகின்றது. அதில் வரும் ஜமீன்தாரின் இசைமண்டபத்திலே கொத்துவிளக்கும் பெருங்கண்ணாடியும் முன்னோர் படங்களும் நிறைந்துள்ளன. செல்வம் தேய்ந்தபின் அவர் பேணுவது இசையை மட்டுமோ, அயலிலே உயர்ந்துவரும் புதுப்பணக்காரன்முன் தம் குலப்பெருமையையும் சேர்த்தோ என்னும் ஐயம் காண்போருக்கு எழும். இறுதிக் கச்சேரி முடிந்தபின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அவிகின்றன.

வாவிக்கரையின் உவர்க்காற்றிலே கம்பி துருவேறும். மரமும் ஈரம் வாங்கும். நாள்தோறும் கை தொடும் வீணையின் கேட்டை வாசிப்பவன் அன்றே அறிந்து சுருதி திருத்துவான். சுவரில் தொங்கும் வீணைக்கோ தூசி தட்டுவோரே உளர்.