திரியும் கதிரும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் வந்துவிட்டால் நம் கவிஞர்களின் கையில் மெழுகுவத்தி ஏறிவிடுகிறது. 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பட்டு வரும் அந்நாளில், பள்ளி மேடைகளில் வாசிக்கப்பெறும் கவிதைகளையும் விழா மலர்களில் அச்சாகும் கட்டுரைகளையும் புரட்டிப் பாருங்கள். தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளி தருபவர் ஆசிரியர் என்னும் உவமை தவறாமல் வந்து நிற்கும். அதற்குத் துணையாக, பிறரை ஏற்றிவிட்டுத் தான் நின்ற இடத்திலேயே நிற்கும் ஏணியும், அக்கரை சேர்த்துவிட்டு வெறுமையாய்த் திரும்பும் தோணியும் வரும். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பள்ளிகளின் மலர்கள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். அங்கும் இதே நிலைதான். புகழ வேண்டும் என்னும் நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும் உவமை என்பது ஒருவகைத் தீர்ப்பு. ஒருவர் ஆசிரியப் பணியை ஏன் விரும்புகிறார் என்னும் வினாவுக்கு இந்த உவமை தரும் விடை சரிதானா என்று ஆராய்வது நம் கடமை.

மதரஸாவில் இஹ்யாவு உலூமித்தீன் ஓதியவர்களுக்கு இவ்வுவமையைக் கேட்டதும் ஓர் ஐயம் எழாமல் இராது. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், அந்நூலின் முதற் பகுதியாகிய அறிவைப் பற்றிய பாகத்தில், ஆசிரியரின் கடமைகளைக் கூறப் புகுமுன் சில உவமைகளை எடுத்தாள்கிறார்கள். தான் எரிந்து பிறர்க்கு ஒளிதரும் விளக்குத் திரி அவற்றுள் ஒன்று. ஆனால் அது புகழுரையாக வரவில்லை! கற்றதன்படி நடவாமல் பிறர்க்கு மட்டும் போதிப்பவனுக்கு அது உவமையாகிறது. தான் வெறுமையாயிருந்து பிறர்க்குப் பயன்படும் ஏடு, தான் வெட்டாமல் பிறவற்றைக் கூர்மையாக்கும் சாணைக்கல், ஆடையின்றி நின்று பிறர்க்கு ஆடை தைக்கும் ஊசி ஆகியவற்றோடு திரியும் அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. கற்று, அதன்படி ஒழுகி, பிறர்க்கும் கற்பிப்பவருக்கு இமாம் அவர்கள் தரும் உவமைகள் வேறு. ஒன்று கதிரவன், மற்றொன்று கஸ்தூரி. கதிரவன் தானும் ஒளிர்ந்து உலகையும் ஒளிர்விக்கிறது. கஸ்தூரி தானும் மணந்து பிறரையும் மணக்கச் செய்கிறது. கொடுப்பதால் இவை குறைவதில்லை.

அதே இடத்தில் அறிவைச் செல்வத்தோடு ஒப்பிடும் நயமும் கருதத்தக்கது. செல்வத்தை ஈட்டுபவன், சேர்த்து வைப்பவன், தான் துய்ப்பவன், பிறர்க்கு வழங்குபவன் என நான்கு நிலைகளை வகுத்து, அறிவுக்கும் அந்நான்கையும் பொருத்துகிறார்கள். நான்காவதாகிய கற்பித்தலே எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஆயினும் அதற்கு முன்னே துய்த்தல் என்னும் படி இருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அறிவில் தானே சுவை காணாதவன் பிறர்க்கு எதைப் பரிமாறுவான்?

தமிழிலக்கண மரபும் இதனின் வேறுபட்டதன்று. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நான்கு உவமைகளைத் தேர்ந்தார். உழுபவன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தரும் நிலம் ஒன்று. மழை பொய்த்த காலத்தும் வளம் குன்றாத மலை மற்றொன்று. ஐயமற அளந்து காட்டும் துலாக்கோலும், உரிய பொழுதில் விரிந்து எவரும் விரும்பிச் சூடும் மலரும் ஏனைய இரண்டு. இந்நான்கில் எதுவும் எரிந்து அழிவதில்லை. மலர் தன் இயல்பால் மலர்கிறது. யாருக்காகவும் வருந்தி மலர்வதில்லை. ஆசிரியராகத் தகாதவருக்கும் அவர் உவமை கூறுகிறார். நீர் வார்த்து வளர்த்தவனை விட்டு அயலான் தோட்டத்தில் காயை உதிர்க்கும் முடத்தெங்கு அவற்றுள் ஒன்று. பஞ்சு அடைத்த குடுவையும் ஒன்று. அதனிடமிருந்து ஒவ்வொரு சிறிதையும் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். கொடுக்கும்போது வருந்துவதே அதன் குற்றம். வருத்தத்தையே பெருமையாகப் பாடும் இக்காலப் புகழ்ச்சி பவணந்தியாருக்கு வியப்பளித்திருக்கும்.

நூல்கள் கூறுவது இருக்கட்டும். நம் கண்முன் நடப்பது என்ன? 1856இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். அங்கிருந்து வடக்கே துறைமுகச் சரக்கு லாரிகளின் வரிசையைக் கடந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனச் செல்லும் வழியெங்கும் மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் உள்ளன. அவர்களுள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்தோர் பலர். அப்பள்ளிகளின் ஆசிரியர்களோடு உரையாடும்போதெல்லாம், இப்பணியில் உங்களைப் பிடித்து வைத்திருப்பது எது என்று நாம் கேட்பதுண்டு. தியாகம் என்ற சொல்லை அவர்கள் ஒருபோதும் பயன்படுத்தவில்லை. வீட்டு ரேஷன் அட்டையில் தந்தையின் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மறுநாள் ஓடிவந்து சொன்ன பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள். கூடைக்கு இன்ன விலை என்று மீன் ஏலத்தில் தாய் கேட்பதைப் பார்த்து வளர்ந்த சிறுமி, இலாப நட்டக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்குமுன் விடை கூறிவிடுவதைச் சொல்கிறார்கள். அப்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மலர்ச்சி எரியும் திரியின் முகத்தில் தோன்றுவதன்று.

தமிழாசிரியர் சிலர் கூறியது இன்னும் சிறப்புடையது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். உள்நாட்டுப் பள்ளியில் இதனை விளக்க உரையாசிரியரின் துணை வேண்டும். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு அது வேண்டியதில்லை. காற்றுத் திரும்பிய நாளில், கடலுக்குச் சென்ற படகு வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாததை அவர்கள் அறிவார்கள். கற்பிக்கச் சென்ற ஆசிரியர் அன்றுதான் தாமே நெய்தலைக் கற்றுத் திரும்புகிறார். கொடுத்தது திரும்பி வந்து சேரும் இந்நிலையே கற்பித்தலின் இன்பம். திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் காலத்திலேயே இலக்கணம் கற்பிக்க ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதன் பெயரில் தானம் என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. தானத்தால் செல்வம் குறையாது என்பதை நாம் ஹதீஸ் வழியே அறிவோம். இம்மண்ணின் ஆசிரியர் தம் அனுபவத்திலேயே அதனை அறிந்திருக்கிறார்.

இந்த இன்பத்தை உள்ளவாறு காட்டிய தமிழ் நூல் உண்டா எனில், உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நினைவுக்கு வருகிறது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) பட்ட கடனையும் துன்பத்தையும் ஐயர் மறைக்கவில்லை. ஆயினும் அந்நூலைப் படித்து முடித்தபின் நம் நெஞ்சில் நிற்பது, மாணவர் சூழப் பாடம் சொல்லி மகிழ்ந்த ஒரு பெருமகனின் உருவம். சமயம் கடந்து அவரிடம் வந்தவர்களுள் கிறித்தவராகிய சவரிராயலு நாயகரும் ஒருவர். நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே. மெழுகுவத்தி உவமை ஒன்றையே நம்பி ஐயர் எழுதியிருப்பாராயின் நமக்கு ஓர் அனுதாபச் செய்தி கிடைத்திருக்கும், ஆசிரியர் கிடைத்திருக்கமாட்டார்.

இங்கே ஒரு தடை எழக்கூடும். ‘வக்கற்றவன் வாத்தியார்’ என்று இழித்துரைத்த சமுதாயத்தில், தியாகி என்றாவது புகழ்வது நன்றல்லவா? கற்பித்தலே இன்பம் என்று நாம் எழுதினால், ஊதியம் எதற்கு என்று கேட்கமாட்டார்களா? நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேட்டை விளைவிப்பது மெழுகுவத்தியே. எரிவதே உன் பெருமை என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அவர் எரியும்போது அணைக்க எவரும் வரமாட்டார். தமிழகத்தில் 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்றனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் பலமுறை வீதிக்கு வர நேர்ந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அதே மாதத்தில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடினர். 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் நெடி தாங்காமல் மாணவிகள் மயங்கினர். இவற்றினிடையே வகுப்பு நடத்துபவரை உருகும் மெழுகு என்று பாராட்டுவது, உருக்குகின்ற நெருப்பைப் பற்றிப் பேசாமலிருக்க நல்ல வழியாகிறது.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் இச்சிக்கலை முன்பே கண்டவர்கள். குர்ஆன் ஓதிக்கொடுக்கக் கூலி பெறலாகாது என்பது முற்கால ஹனஃபீ அறிஞர்களின் கருத்து. ஓதிக்கொடுப்போரை ஆதரிக்கும் வழக்கம் குன்றி, கல்வியே அற்றுப்போகும் நிலை வந்தபோது, பிற்கால அறிஞர்கள் கூலி ஆகும் எனத் தீர்ப்பளித்தனர். கூலி பெற்றமையால் ஆசிரியரின் அன்பு பொய்யாகிவிடும் என்று அவர்கள் எண்ணவில்லை. அன்பு ஆசிரியருடையது, கூலி சமுதாயத்தின் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்துக்கொள்ளுதல் நீதியன்று.

ஆகவே நம் கவிஞர்களிடம் நாம் வேண்டுவது இது. வரும் செப்டம்பரில் எழுத உட்காருமுன், அருகிலுள்ள பள்ளி ஒன்றின் வகுப்பறையில் ஒரு பாடவேளை அமர்ந்திருங்கள். விளங்காதிருந்த ஒன்று ஒரு பிள்ளைக்கு விளங்கும்போது ஆசிரியரின் முகத்தையும் பாருங்கள். அப்பள்ளியின் கூரையையும், அங்கே வீசும் காற்றையும், அவர் பெறும் ஊதியத்தையும் கேட்டறியுங்கள். அதன்பின் எழுதும் கவிதையில் மெழுகுவத்திக்கு இடம் இராது என்பது நம் நம்பிக்கை.