கோழிக்கூண்டுக்குச் சிவப்புக் கண்: சோலார் விளக்கு நரியை விரட்டுமா?

உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. மேலே சின்ன சோலார் தகடு, முன்னால் இரண்டு சிவப்பு எல்இடி. பொழுது சாய்ந்ததும் தானாகவே விட்டுவிட்டு எரியத் தொடங்கும், விடிந்ததும் அணைந்துவிடும். இருட்டில் அந்தப் புள்ளிகளைப் பார்க்கும் விலங்கு, வேறு ஏதோ ஒன்று விழித்திருக்கிறது என்று மிரண்டு விலகும் என்கிறார்கள் விற்பவர்கள். விலை 500 ரூபாய்க்கு முன்னே பின்னே. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, கரும்புக் கொல்லையை ஒட்டிய எங்கள் கோழிக்கூண்டில் இதை மாட்டி, ஒரு வெட்டுப் பருவம் முழுக்கக் கவனித்தேன்.

வெட்டுப் பருவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நரிக்கும் காட்டுப்பூனைக்கும் கரும்புதான் மறைவிடம். கொல்லை காலியானதும் அவை புது இடம் தேடி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். பக்கத்துக் கொல்லை அத்தை அடிக்கடி சொல்வார்: “ராத்திரியில கோழிக்குக் கண்ணு தெரியாது தம்பி. எது வந்தாலும் உக்காந்த எடத்துலயே சாவும்.” உண்மைதான். இருட்டில் கோழிக்குப் பார்வை மிகவும் மங்கல், தப்பி ஓடத் தெரியாது. ஒரே ஒரு காட்டுப்பூனை உள்ளே புகுந்தால்கூட விடிவதற்குள் பாதிக் கூண்டு போய்விடும்.

விளக்கு வேலை செய்கிறதா? செய்கிறது, மாட்டும் விதத்தில் மாட்டினால். பலரும் தெருவிளக்கு மாதிரி கம்பத்தின் உச்சியில் கட்டிவிடுகிறார்கள். நரியின் கண்மட்டம் ஒன்றரை அடிதான், விளக்கும் அந்த உயரத்தில் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒரு பெட்டி ஒரு திசைக்குத்தான் என்பதால் நாலு பக்கத்துக்கும் நாலு தேவை. கூண்டைச் சுற்றி ஈரமண்ணைப் பரப்பி வைத்துத் தடம் பார்த்தேன். நகம் பதிந்த தடம் நரி அல்லது நாய், நகம் பதியாத வட்டத் தடம் பூனை. நகத்தடம் கூண்டுக்குச் சற்றுத் தள்ளியே திரும்பிப் போயிருந்தது. பூனைத்தடமோ போகப் போக நெருங்கி வந்தது. பெட்டிகளைக் கழற்றி வேறு கம்பங்களுக்கு மாற்றியதும் மறுபடி பின்வாங்கியது. ஆக, ஒரே இடத்தில் விட்டுவைத்தால் விலங்குக்குப் பழகிவிடும். வாரம் ஒருமுறையாவது இடம் மாற்ற முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம்.

இந்த யோசனை புதிதல்ல. நைரோபி தேசியப் பூங்கா ஓரத்தில் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன், மாட்டுப் பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்கு கட்டிச் சிங்கத்தைத் தள்ளி வைத்தான், 2013இல் டெட் (TED) உரை மேடையிலும் அதைப் பற்றிப் பேசினான். சிலியின் மேட்டுநிலத்தில் லாமா, அல்பாக்கா மந்தைகளுக்கு மின்னும் விளக்கு வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. அங்கே விளக்கு பூமாவைத் தடுத்தது, ஆண்டிஸ் நரியைத் தடுக்கவில்லை. எந்த விலங்கு வருகிறது என்று தெரியாமல் விளக்கு வாங்குவது வீண் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் ஊரில் கூண்டுக்கு வரும் விலங்குகளின் பட்டியல் நீளம். மரநாய் வேப்பமரக் கிளை வழியாகக் கூரைக்கு இறங்கும். ஒன்றரை அடியில் மின்னும் விளக்கு அதன் பார்வையிலேயே படாது. முட்டைக்கு வரும் பாம்பையும், குஞ்சைத் தூக்கும் பெருச்சாளியையும் விளக்கை நம்பி விட முடியாது. கீரி பகலில் வேட்டையாடும் பிராணி, அது வரும்போது விளக்கு அணைந்திருக்கும். இவற்றுக்கெல்லாம் வழி கம்பிவலைதான். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், வருவதை வெளியே வைக்காது. வலையோரம் உட்கார்ந்த கோழியை வந்த விலங்கு வெளியிலிருந்தே கவ்வி இழுத்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து, அடியில் ஓரடி மண்ணுக்குள் இறக்கி, கூரையையும் மூடிய பிறகே விளக்குக்குச் செலவு செய்யுங்கள்.

சிவப்புக் கண்ணோடு, ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சோலார் சென்சார் விளக்கையும் சேர்த்துப் பார்த்தேன். உடல்சூடு நகர்வதைக் கண்டுதான் இது எரியும். திடீரென்று பளீரென எரிவதால் விலங்குக்குச் சீக்கிரம் பழகாது. என் கணக்கில் இதுவே மேல். ஆனால் குளிர்ரத்தப் பிராணியான பாம்பை இது கண்டுகொள்ளாது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் சுற்றுச்சூடும் உடல்சூடும் நெருங்கிவிடுவதால் எட்டும் தூரமும் குறைகிறது. வெளிச்சம் கூண்டுக்குள் விழாதபடி திருப்பி வையுங்கள், கோழி தூங்க வேண்டும்.

இரண்டும் சரிப்படவில்லை என்று வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது குற்றம், மனித உயிரையும் வாங்கும். முறையான சோலார் மின்வேலிக்கும் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு வேண்டும். நரி, காட்டுப்பூனை, மரநாய் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. விஷம் வைப்பதும் கண்ணி வைப்பதும் சிறைக்கு வழி.

மழைக்காலம்தான் இந்தப் பெட்டிகளின் பலவீனம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் இல்லாமலும் எரியும் என்பது சோலாரின் பெருமை, தொடர்ந்து மூட்டமாக இருந்தால் நடுராத்திரியிலேயே அணைந்துவிடும் என்பது அதன் குறை. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்குரூ போட்டு பேட்டரி மாற்றும்படி இருந்தால் எடுங்கள், ஒட்டி மூடியதாக இருந்தால் வேண்டாம். தகட்டில் படியும் புழுதியையும் கோழித்தூசியையும் ஈரத்துணியால் துடைத்தாலே எரியும் நேரம் கண்கூடாகக் கூடுகிறது.