சாளரத்தில் உறைந்த பனி

குளிர்காலத்தைப் படம் பிடிப்பது எளிது. குளிரைப் படம் பிடிப்பது அரிது. வெண்பனி போர்த்திய மலைகளையும் மரங்களையும் காட்டும் நாட்காட்டிகள், பனியைக் கண்டறியாத நாட்டாரின் இல்லச் சுவர்களிலும் தொங்குகின்றன. அவை கண்ணுக்கு இனியவை. ஆயினும், அவற்றைக் காண்பவர் எவரும் தம் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வதில்லை. வெண்ணிறம் தெரிகிறதே அன்றித் தண்மை தெரிவதில்லை.

தண்மையையும் உணர்த்திய நிழற்படக் கலைஞர் மிகச் சிலரே. செக் நாட்டைச் சேர்ந்த யோசெப் சூடெக் அவர்களுள் ஒருவர். 1940ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை, தம் கலைக்கூடத்தின் சாளரத்தையே பொருளாகக் கொண்டு அவர் எடுத்த படவரிசை உலகப் புகழ் பெற்றது. அவ்வரிசையில் குளிர்காலப் படங்களுக்குத் தனியிடம் உண்டு. அப்படங்களின் அழகிற்குப் பழைய கேமராவும் பழைய லென்சுமே காரணம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை ஆராய்வது பயனுடையது.

கலைஞரும் கருவியும்

சூடெக் 1896இல் கோலின் என்னும் ஊரில் பிறந்தவர். அவர் முதலில் கற்ற தொழில் நூல் கட்டுதல். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் காயமுற்று வலக்கையை இழந்தார். நூல் கட்ட இரு கைகள் வேண்டும். வாழ்க்கை அவரை வேறு தொழிலுக்குத் திருப்பியது. 1922 முதல் 1924 வரை பிராக் நகரில் நிழற்படக் கலையை முறையாகப் பயின்றார். 1927இல் அந்நகரில் ஒரு முற்றத்தினுள் அமைந்த மரக்கூடத்தைத் தம் கலைக்கூடமாக்கிக் கொண்டார்.

1940இல் அவர் கண்ட ஒரு பழைய படம் அவரது போக்கையே மாற்றியது. பிரான்சு நாட்டின் சார்த்ரு பேராலயத்துச் சிலை ஒன்றின் படம் அது. பெரிதாக்கப்படாமல், நெகட்டிவைத் தாளின் மீது நேரே வைத்து அச்சிடப்பட்டது. அதன் நுட்பத்தில் உள்ளம் பறிகொடுத்த சூடெக், அதன் பின்னர் தம் படங்களையும் அம்முறையிலேயே அச்சிடத் தொடங்கினார். படம் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும். அதற்கேற்பக் கேமராவும் பெரிதாதல் வேண்டும். உலகம் கைக்குள் அடங்கும் சிறிய கேமராக்களை நாடிச் சென்ற காலத்தில், ஒற்றைக் கையுடைய ஒருவர் முக்காலியில் நிறுத்த வேண்டிய பெருங்கருவிகளைத் தேர்ந்துகொண்டார். கை போதாத இடத்தில் பற்களையும் பயன்படுத்தினார் என்பர்.

இத்தகைய கேமராவில் குவியம் தானாக அமைவதில்லை. கருந்துணிக்குள் தலையை நுழைத்து, பின்புறத்து மங்கற் கண்ணாடியில் தலைகீழாகத் தோன்றும் உருவத்தை நோக்கி, சிறிது சிறிதாகத் திருகியே தெளிவை எட்ட வேண்டும். பிராக் நகரில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி நேரமே. அந்த மங்கிய ஒளியில் கண்ணாடி உருவம் மேலும் மங்கும்; மூச்சுக்காற்றுப் பட்டால் முற்றும் மறையும். ஆகவே, ஒவ்வொரு படமும் ஒரு முடிவின் விளைவே. எங்கோ விரலை அழுத்தியதால் நேர்ந்ததன்று.

குவியம் எங்கே?

சாளரத்தின் முன் நிற்கும் கலைஞருக்கு இரண்டு உலகங்கள் தென்படுகின்றன. அருகில் கண்ணாடி, அதன்மேல் நீர்த்துளியும் உறைபனியும். அப்பால் தோட்டம், அதில் பனி சுமந்து வளைந்து நிற்கும் மரம். பெரிய கேமராவில், அதுவும் இத்துணை அண்மையில், இரண்டையும் ஒருங்கே தெளிவாகக் காட்டுதல் கடினம். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சூடெக்கின் புகழ்பெற்ற சாளரப் படங்கள் பலவற்றில் தெளிவு கண்ணாடிக்கே உரியது. மரம் நிழலாகக் கரைந்து நிற்கிறது.

இத்தேர்விலேயே அவர்தம் கலை அடங்கியுள்ளது எனலாம். கண்ணாடியில் படியும் நீர் வெளியிலிருந்து வருவதன்று. அறையின் வெப்பக் காற்றிலுள்ள ஈரமே குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டுத் துளியாகிறது. குளிர் மிகும்போது உறைகிறது. உள்ளே கொதிக்கும் நீரும், உள்ளே வாழ்பவரின் மூச்சும் அதில் கலந்துள்ளன. குளிர் வெளியே நிற்கிறது. அதை எழுதும் மையோ உள்ளிருப்பவரின் உயிர்ப்பு. மனித உருவம் ஒன்றேனும் காணப்படாத படத்தில் ஒரு மனிதர் இருப்பதை இவ்வாறே உணர்கிறோம். மரத்தின் மீது குவியத்தை வைத்திருந்தால் அது தோட்டத்துப் படமாகவே முடிந்திருக்கும்.

தமிழிலக்கணம் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்துக் காட்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் கருப்பொருள். உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். நாட்காட்டிப் படத்தில் முதலும் கருவும் உண்டு, உரிப்பொருள் இல்லை. சூடெக்கின் சாளரத்திலோ, வெளியே செல்லாமல் காத்திருக்கும் ஒருவரின் ஆற்றியிருத்தல் உரிப்பொருளாக நிற்கிறது.

இதனோடு அமெரிக்கக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த படம் ஒன்று ஒப்புநோக்கத்தக்கது. 1893 பிப்ரவரியில் நியூயார்க்கின் ஐந்தாம் நிழற்சாலையில், பனிப்புயலின் நடுவே கையடக்கக் கேமராவுடன் மூன்று மணி நேரம் காத்து நின்று, எதிரே வந்த குதிரை வண்டியைப் படமாக்கினார் அவர். அங்கே பனி ஒரு நிகழ்ச்சி. வண்டி வந்ததும் காத்திருப்பு முடிந்தது. சூடெக்கிற்குப் பனி ஒரு வாழ்நிலை. அவரது காத்திருப்பு பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்தது.

இரு குற்றச்சாட்டுகள்

சூடெக்கின் மீது சுமத்தப்படத்தக்க குற்றச்சாட்டு ஒன்று உண்டு. 1939 மார்ச்சு முதல் 1945 மே வரை பிராக் நகரம் நாசி செருமானியரின் பிடியில் இருந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாக வதைமுகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அக்காலத்தில் ஒரு கலைஞர் சாளரத்துப் பனியைப் படம் பிடித்திருந்தது தகுமோ என்பது கேள்வி. வெளியே கேமராவுடன் உலவுதல் இடர் மிக்கதாக இருந்தது என்பது ஒரு விடை. ஆயினும் அது முழு விடையாகாது. போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் சாளரத்தை விட்டு நீங்கவில்லை. எனவே, இப்படங்களை அடிமை நாட்டின் சின்னங்களாக மட்டும் போற்றுவது மிகைக்கூற்று; அச்சத்தால் ஒளிந்தவரின் படங்கள் எனத் தூற்றுவதும் நேர்மையன்று. ஒரு கையையே போருக்குக் கொடுத்தவர் அவர். அவர் சொல்ல வந்தது சிறிய செய்தி. அதனைப் பொய்யின்றிச் சொன்னார்.

மற்றொரு குறை கலையைச் சார்ந்தது. ஒரே சாளரம், ஒரே மரம் என மீண்டும் மீண்டும் வருதலால் படவரிசையில் சில படங்கள் முன்னதன் எதிரொலியாகவே நின்றுவிடுகின்றன. கண்ணாடி, மரம் இரண்டும் மங்கி, இருள் மட்டுமே மிஞ்சும் படங்களில் உணர்வு கைகூடவில்லை என்றே கூற வேண்டும். குவியம் எதையேனும் பற்றி நிற்கும்போதுதான் மங்கலுக்கும் பொருள் பிறக்கிறது.

பழைய லென்சின் மயக்கம்

இக்காலத்தில் பழைய லென்சுகளைத் தேடி வாங்கி, இணைப்பு வளையத்தின் துணையால் புதிய மின்னியல் கேமராக்களில் பொருத்திக் குளிர்காலப் படம் எடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியுள்ளது. சோவியத் நாட்டில் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட ஹீலியோஸ் லென்சு இவர்களிடையே பெரும்புகழ் உடையது; பின்னணி இலைகளைச் சுழல்போல் காட்டும் அதன் இயல்பே அதற்குக் காரணம். லென்சின் மீது பூசும் ஒளிப்பூச்சை சைஸ் நிறுவனத்தின் ஸ்மாக்குலா 1935இல் கண்டுபிடித்தார். அதற்கு முற்பட்ட லென்சுகளில் பனியின் வெளிச்சம் உட்புறம் சிதறிக் கருமையான இடங்களிலும் கசியும். குறையாகக் கருதப்பட்ட அந்தக் கசிவை இன்று அழகென விரும்புகின்றனர்.

இவ்விருப்பம் தவறன்று. குளிரில் உயவுப்பசை இறுகி, லென்சின் வளையம் எளிதில் திரும்புவதில்லை. வெண்பனியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொள்ளும் ஒளிமானியை நம்பினால் பனி அழுக்கேறித் தோன்றும்; ஒன்று முதல் இரண்டு படி வரை ஒளியைக் கூட்டியே எடுக்க வேண்டும். குளிரிலிருந்து திடீரென வெப்ப அறைக்குள் கொண்டுவந்தால் லென்சின் மீது நீர் படியும். இத்தொல்லைகள் எல்லாம் கலைஞரை மெல்லச் செல்லப் பணிக்கின்றன. விரைவிற்கு அடிமையான கண்ணுக்கு அது நல்ல பயிற்சியே.

ஆனால், லென்சு வழங்கும் சுழலும் கசிவும் எப்படத்திலும் ஒன்று போலவே அமையும். பனிக்காட்டில் நிற்கும் மங்கையின் படமும், தெருவோரத்து மிதிவண்டியின் படமும் ஒரே மயக்கத்தில் மூழ்கினால், அம்மயக்கத்திற்கு உரியவர் லென்சைச் செய்தவரே. படத்தை எடுத்தவர் அல்லர். பழைய எழுத்தாணியைக் கையில் எடுத்ததனால் ஒருவர் புலவராகிவிடுவதில்லை.

சூடெக் 1976இல் மறைந்தார். அவரது மரக்கூடம் பின்னர் தீக்கிரையாயிற்று. 2000ஆம் ஆண்டில் அதே இடத்தில் பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு, நிழற்படக் காட்சியிடமாகப் பயன்பட்டு வருகிறது. அங்கே சாளரம் உண்டு. குளிர்காலமும் ஆண்டுதோறும் வருகிறது. அதன் முன் பழைய கேமரா ஒன்றை நிறுத்துவதும் எவர்க்கும் இயலும். கருந்துணிக்குள் தலையை நுழைத்த பின்னர், கண்ணாடியா மரமா என்பதை மட்டும் அவரவரே முடிவு செய்தாக வேண்டும்.